ஒளியிலிருந்து ரேண்டம் எண்: ‘குவாண்டம் சிப்’ உண்மையில் என்ன செய்கிறது?

2020 மே மாதம் தென்கொரியாவில் ‘கேலக்ஸி ஏ குவாண்டம்’ என்றொரு கைபேசி விற்பனைக்கு வந்தது. தயாரித்தது சாம்சங், விற்றது எஸ்கே டெலிகாம். பெயரைக் கேட்டால் போனுக்குள் குவாண்டம் கணினியையே வைத்துவிட்டார்களோ என்று தோன்றும். அப்படி எதுவும் இல்லை. வழக்கமான போனைவிட அதில் கூடுதலாக இருந்தது ஒரே ஒரு சிப். நீளம் 2.5 மில்லிமீட்டர், அகலமும் அதே, மிளகைவிடச் சிறியது. உள்ளே ஒரு எல்இடி விளக்கு, எதிரே கேமராவில் இருப்பது போன்ற ஒரு சென்சார். விளக்கு எரிகிறது, சென்சார் பார்க்கிறது. படம் எடுக்க அங்கே எதுவும் கிடையாது. வெளிச்சத்தில் இருக்கும் நடுக்கத்தை எண்ணாக மாற்றித் தருவது மட்டுமே அதன் வேலை.

இன்று ‘குவாண்டம் பாதுகாப்பு’ என்ற முத்திரையோடு யுஎஸ்பி சாதனங்களும் சர்வர் அட்டைகளும் விற்கின்றன. இதில் அறிவியல் எவ்வளவு, விளம்பரம் எவ்வளவு என்று பிரித்துப் பார்க்க வேண்டுமானால், ரேண்டம் என்ற சொல்லிலிருந்தே தொடங்க வேண்டும்.

## ‘சமவாய்ப்பு’ என்ற சொல்லில் பாதிதான் இருக்கிறது

பாடப்புத்தகங்கள் ரேண்டம் எண்ணைச் சமவாய்ப்பு எண் என்கின்றன. புள்ளியியலுக்கு நல்ல சொல். பாதுகாப்புத் துறைக்கு அது பாதி விஷயத்தை மட்டுமே சொல்கிறது. அங்கே நிபந்தனைகள் இரண்டு:

1. ஒவ்வொரு எண்ணும் வருவதற்கு ஒரே அளவு வாய்ப்பு இருக்க வேண்டும். தாயக்கட்டையின் ஒரு பக்கம் தேய்ந்திருந்தால் இது போய்விடும்.

2. இதுவரை வந்ததையெல்லாம் பார்த்தவனாலும் அடுத்து வருவதைச் சொல்ல முடியக் கூடாது.

முதலாவது இருந்து இரண்டாவது இல்லாமல் போவதற்கு உதாரணம் கையருகிலேயே இருக்கிறது. பை என்ற எண்ணின் தசம இலக்கங்களை எடுத்துக்கொள்ளுங்கள். இதுவரை கணக்கிட்ட வரையில் 0 முதல் 9 வரை ஒவ்வொன்றும் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு வருகிறது. புள்ளியியல் சோதனை எதை வைத்தாலும் தேறிவிடும். ஆனால் அதன் 10 லட்சமாவது இலக்கம் எது என்று யார் வேண்டுமானாலும் கணக்கிட்டுச் சொல்லலாம். அதை வங்கிச் சாவியாக, அதாவது வங்கித் தகவலைப் பூட்டித் திறக்கும் ரகசிய எண்ணாக, வைத்தால் பூட்டும் சாவியும் ஒன்றாகத் தெருவில் கிடக்கிற கதைதான்.

ஆகவே ரேண்டம் என்பது எண்ணின் குணம் இல்லை. அந்த எண் பிறந்த விதத்தின் குணம். 4719 ரேண்டமா என்ற கேள்விக்குப் பதிலே கிடையாது. எப்படி வந்தது என்று கேட்டால்தான் பேச முடியும். கீழே வரும் எல்லாமே இந்த ஒரு விஷயத்தின் நீட்சி.

## கணினியும் அதன் விதையும்

கணினி சொன்னதைச் செய்யும் இயந்திரம். ஒரே உள்ளீட்டுக்கு ஒரே வெளியீடு. ஆகவே மென்பொருள் தானாக ரேண்டம் எண்ணை உண்டாக்க முடியாது. அது செய்வது வேறு: ஒரு சின்ன ரகசிய எண்ணை, அதாவது விதையை, வாங்கிக்கொண்டு அதிலிருந்து கோடிக்கணக்கான எண்களை விளைவிக்கிறது. இவை போலி ரேண்டம் எண்கள். ‘போலி’ என்பதால் மட்டம் என்று அர்த்தமில்லை. விதை 256 பிட் (0 அல்லது 1 என 256 இலக்கம்) நீளமும் நிஜமான ரகசியமுமாக இருந்து, கணக்குமுறையும் தரமானதாக இருந்தால், விளைச்சலைப் பார்த்து அடுத்ததைச் சொல்ல இன்றைய கணினி எதனாலும் முடியாது.

ஆனால் விதை கெட்டால் எல்லாம் கெட்டது. நடந்தவை இரண்டு.

2006-ல் டெபியன் லினக்ஸ் என்ற இயங்குதளத்தில், சாவிகளை உருவாக்கும் ஓப்பன்எஸ்எஸ்எல் மென்பொருளைப் பராமரித்தபோது, ஒரு சோதனைக் கருவி எச்சரிக்கை காட்டியது என்று ஓரிரு வரிகளை நீக்கினார்கள். விதைக்குள் ரகசியத்தைக் கலக்கும் வரிகள் அவை. மிஞ்சியது இயங்கும் நிரலின் வரிசை எண் மட்டும். அதற்கு அதிகபட்சம் 32,768 மதிப்புகள். 2008 மே மாதம் கண்டுபிடிக்கும் வரை, உலகெங்கும் டெபியன், உபுண்டு கணினிகளில் உருவான சாவிகள் எல்லாம் இந்தச் சின்னப் பட்டியலுக்குள்ளேயே அடங்கின. சாவி ஒவ்வொன்றும் பார்க்க 1024 பிட், 2048 பிட் என்று கம்பீரமாகத்தான் இருந்தது.

இரண்டாவது 2012-ல். ஆய்வாளர்கள் இணையத்தில் கிடைக்கும் ஆர்எஸ்ஏ பொதுச் சாவிகளையெல்லாம் திரட்டி ஒன்றோடொன்று ஒப்பிட்டார்கள். ஆர்எஸ்ஏ சாவி என்பது இரண்டு பெரிய பகா எண்களின் பெருக்குத்தொகை. பெருக்குத்தொகையைப் பார்த்துப் பகா எண்களைப் பிரிப்பது மகா கடினம். அந்தக் கடினம்தான் பாதுகாப்பு. ஆனால் இரண்டு பேரின் சாவிகளில் ஒரு பகா எண் பொதுவாக அமைந்துவிட்டால், பள்ளியில் படித்த மீப்பெரு பொதுக் காரணி போதும், இரண்டும் நொடியில் உடைந்துவிடும். அப்படி உடைந்தவை பாதுகாப்பான இணையதள முகவரிகளில் 0.5 சதவீதம். பெரும்பாலும் ரவுட்டர்களும் ஃபயர்வால்களும். தொழிற்சாலையிலிருந்து வந்த பெட்டி முதல்முறை மின்சாரம் கண்டதும் சாவி செய்கிறது. அந்த நேரத்தில் அதற்குள் விசைப்பலகைத் தட்டல் இல்லை, வட்டு அசைவு இல்லை, புதிதாக எதுவுமே நடந்திருக்கவில்லை. அதே மாதிரி இன்னொரு பெட்டியும் அதே விதையைப் போட்டு அதே பகா எண்ணை விளைவித்தது.

பிரச்சினை பெரிய சர்வர்களில் அல்ல, சின்னப் பெட்டிகளில் என்பதைக் கவனியுங்கள். வன்பொருளிலேயே ஒரு விதை ஊற்று வேண்டும் என்ற கோரிக்கை வலுத்தது இதனால்தான்.

## மின்னிரைச்சல் ஏன் போதவில்லை?

வன்பொருள் ஊற்று புதிதல்ல. பிரிட்டனின் பரிசுப் பத்திரக் குலுக்கலுக்காக 1957-ல் ஓடத் தொடங்கிய எர்னி என்ற இயந்திரம் நியான் குழாய்களின் மின்னிரைச்சலைப் பயன்படுத்தியது. இன்றைய கணினிச் செயலிகளுக்குள்ளும் ஓர் ஊற்று இருக்கிறது. இன்டெல் 2012 முதல் இதைச் செயலியிலேயே வைத்துத் தருகிறது. சின்னச் சிப்புகளில் வழக்கமாக இருப்பது வளைய அலையி: 0-வை 1 ஆகவும் 1-ஐ 0 ஆகவும் மாற்றும் தலைகீழாக்கிகளை ஒற்றைப்படை எண்ணிக்கையில் வட்டமாகக் கோத்துவிட்டால் அது தானே 0, 1, 0, 1 என்று ஊசலாடும். வெப்பத்தால் அந்த ஊசல் நேரம் துளி முன்பின் ஆகும். அந்த முன்பின்தான் ரேண்டம்.

மலிவானது, நன்றாகவே வேலை செய்கிறது. குறை என்னவென்றால், அந்த முன்பின்னில் எவ்வளவு வெப்பத்தால் வந்தது, எவ்வளவு பக்கத்து மின்சுற்றின் ஆட்டத்தால் வந்தது என்று பிரித்துச் சொல்வது கடினம். முதலாவதை யாரும் கட்டுப்படுத்த முடியாது. இரண்டாவதை முடியும். 2009-ல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் இதைச் செய்து காட்டினார்கள். ஏடிஎம்களில் பயன்பட்ட ஒரு பாதுகாப்புச் சிப்பின் மின்வழங்கல் கம்பியில், அலையியின் வேகத்துக்கு ஒத்த அதிர்வெண் ஒன்றைக் கலந்துவிட்டார்கள். ஊஞ்சலைத் தள்ளுகிறவரின் தாளத்துக்கு ஊஞ்சல் இணங்குவதைப்போல அலையிகள் இணங்கிவிட்டன. 2-இன் 64-ஆம் அடுக்கு, அதாவது 18 எழுதி அதன்பின் 18 சுழியம் போட்டால் வரும் அளவு இருக்க வேண்டிய சாத்தியங்கள், சுமார் 3,300 ஆகச் சுருங்கின.

(சான் பிரான்சிஸ்கோவில் கிளவுட்ஃப்ளேர் நிறுவனம் சுவர் நிறைய லாவா விளக்குகளை வைத்து, மெழுகு மிதப்பதைக் கேமராவில் பிடித்து விதையாக்குவது பலரும் அறிந்த செய்தி. பார்க்க அழகு, யோசனையும் சரிதான். ஆனால் சுவரை ரவுட்டருக்குள் வைக்க முடியாது.)

## ஒளிக்கு என்ன தனிச்சிறப்பு?

நாணயத்தைச் சுண்டுகிறோம். பூவா தலையா என்பது நமக்குத் தெரியாது. ஆனால் விரலின் விசை, கோணம், காற்று எல்லாம் தெரிந்தவருக்குக் கொள்கையளவில் தெரியும். நாணயத்தின் ரேண்டம் நம் அறியாமையில் இருக்கிறது.

இப்போது பாதி வெளிச்சத்தை விட்டு, பாதியைத் திருப்பும் கண்ணாடி ஒன்றை வையுங்கள். அதன்மீது ஒளியின் மிகச் சிறிய துணுக்கான ஃபோட்டான் ஒன்றை அனுப்புங்கள். ஃபோட்டானைப் பாதியாக வெட்ட முடியாது. நேரே போகும் பாதையில் ஓர் உணரி, திரும்பும் பாதையில் ஓர் உணரி. இரண்டில் ஒன்றுதான் ‘டிக்’ என்னும். நேரே என்றால் 0, திருப்பம் என்றால் 1. எது டிக் என்னும் என்பதைத் தீர்மானிக்கும் மறைந்த விவரம் எதுவும் ஃபோட்டானிடம் இல்லை என்கிறது குவாண்டம் கொள்கை. தெரியாமல் இருக்கவில்லை, இல்லவே இல்லை. ஜெனீவா பல்கலைக்கழகத்திலிருந்து 2001-ல் கிளைத்த ஐடி குவாண்டிக் நிறுவனத்தின் முதல் கருவிகள் இந்தத் தத்துவத்தில் ஓடியவை. வேகம் நொடிக்கு 40 லட்சம் பிட்.

தத்துவம் இவ்வளவு சுத்தம். கருவி அவ்வளவு சுத்தம் இல்லை. கண்ணாடி சரியாக 50-க்கு 50 பிரிக்காது. இரண்டு உணரிகளில் ஒன்று கொஞ்சம் கூர்மையாக இருக்கும். ஒரு டிக்குக்குப் பிறகு உணரி சற்று நேரம் மயங்கிக் கிடக்கும். அதற்குள் அடுத்த ஃபோட்டான் வந்தால் மற்ற உணரிதான் பதிவு செய்யும், ஆக 0-க்குப் பின் 1 வரும் வாய்ப்பு கூடிவிடும். சில சமயம் ஒளியே இல்லாமல் டிக் என்னும். இயற்கை கொடுப்பதில் கலப்படம் இல்லை. நாம் பிடிக்கும் பாத்திரத்தில்தான் இருக்கிறது.

## எல்இடியும் சென்சாரும்: ஒரு பிக்சலின் கணக்கு

ஒற்றை ஃபோட்டானைப் பிடிக்கும் உணரி விலை அதிகம். 2014-ல் ஜெனீவா குழு எளிய வழியைக் காட்டியது. நோக்கியா என்9 போனின் கேமராவை ஓர் எல்இடி விளக்குக்கு நேரே வைத்து, ஒவ்வொரு பிக்சலும் எத்தனை ஃபோட்டான் வாங்கியது என்பதை ரேண்டம் ஊற்றாக்கினார்கள். கொரியப் போனில் வந்த சிப் இதன் வாரிசு.

ஒரு பிக்சலை மட்டும் அருகில் போய்ப் பார்ப்போம். எண்கள் விளக்கத்துக்காக எடுத்துக்கொண்டவை, கணக்கு நிஜம்.

1. விளக்கு சீராக எரிகிறது. ஒரு படத்துக்குச் சராசரியாக 400 ஃபோட்டான் பிக்சலில் விழுகிறது. ஆனால் ஒவ்வொரு முறையும் 400 வராது. மழையில் ஒரே அளவுள்ள இரண்டு கிண்ணங்களை வைத்தால் துளிகளின் எண்ணிக்கை ஒன்றாக இருக்காது அல்லவா, அதுபோல. இதற்கு ஷாட் நாய்ஸ் என்று பெயர். ஏற்ற இறக்கத்தின் அளவு சராசரியின் வர்க்கமூலம், 400-க்கு 20. அதாவது 385, 412, 397 என்று ஆடும்.

2. சென்சாரின் மின்சுற்றுக்கும் சொந்த இரைச்சல் உண்டு. அது 15 என்று வைத்துக்கொள்வோம். இரண்டும் சேர்ந்தால் 35 ஆகாது. 20-இன் வர்க்கமும் 15-இன் வர்க்கமும் கூடி, வர்க்கமூலம் எடுத்தால் 25. நாம் வெளியே அளப்பது இந்த 25-ஐத்தான்.

3. இப்போது எதிரியின் இடத்தில் நின்று பார்க்க வேண்டும். அடுத்த அளவை ஊகிக்க ஒரே ஒரு வாய்ப்பு என்றால் அவன் எதைச் சொல்வான்? அதிகம் வரக்கூடிய எண்ணை. அது பலிக்கும் வாய்ப்பு எவ்வளவு என்பதை வைத்துத்தான் பாதுகாப்புக் கணக்கு போடுகிறார்கள். குறைந்தபட்ச என்ட்ரபி என்பது இதுதான். பரவல் 25 என்றால் அவன் ஏறக்குறைய 63-இல் ஒரு முறை வெல்வான். பிட்டில் சொன்னால் 5.97.

4. ஆனால் மின்சுற்றின் இரைச்சல் எதிரிக்குத் தெரியும், அல்லது அவனே அதை ஆட்டிவைக்கிறான் என்றே வைத்துக்கொள்ள வேண்டும். ஃபோட்டான்களின் 20 மட்டுமே நம் கணக்கில் சேரும். அப்போது அவன் 50-இல் ஒரு முறை வெல்வான், 5.6 பிட்.

5. சென்சார் ஒவ்வொரு அளவையும் 10 பிட்டில் எழுதித் தருகிறது. அந்தப் பத்தில் நிஜச் சரக்கு 5.6 மட்டுமே. மிச்சம் வெறும் உமி.

இந்த நான்காவது படிதான் ஒளிக்கருவியின் நியாயம் என்பது என் கணிப்பு. ஒளி மற்றதைவிட ‘அதிக ரேண்டம்’ என்று விளம்பரங்கள் சொல்வதில் பொருளில்லை. வெளிச்சத்தைக் கூட்டிக் குறைத்துப் பார்த்து, பரவல் வர்க்கமூல விதிப்படி நகர்கிறதா என்று சோதிக்கலாம். ஃபோட்டானால் வந்தது இவ்வளவு, மின்சுற்றால் வந்தது இவ்வளவு என்று வரவு செலவு எழுதலாம். வளைய அலையியில் இந்தக் கணக்கை இவ்வளவு தெளிவாக எழுதுவது கடினம்.

## வேகப் பந்தயம்

இன்னும் வேகம் வேண்டுமானால் லேசர். வழிகள் மூன்று.

லேசரை அணைத்து அணைத்து ஏற்றினால் ஒவ்வொரு துடிப்பும் ஒரு தற்செயல் ஃபோட்டானிலிருந்து புதிதாகத் தொடங்கும். அதனால் அலையின் கட்டம், அதாவது அலை ஏற்றத்தில் இருக்கிறதா இறக்கத்தில் இருக்கிறதா என்பது, ஒவ்வொரு முறையும் வேறு. முந்தைய துடிப்பைத் தாமதித்து அடுத்ததோடு மோதவிட்டால், கட்ட வித்தியாசம் பிரகாச வித்தியாசமாகத் தெரியும். பார்சிலோனாவில் வளர்ந்த இந்த முறைதான் 2015-ல் டெல்ஃப்ட், வியன்னா, அமெரிக்கா ஆகிய இடங்களில் நடந்த புகழ்பெற்ற பெல் சோதனைகளுக்கு (அவை என்ன என்பதைப் பின்னால் பார்ப்போம்) எண் கொடுத்தது.

இரண்டாவது, வெற்றிடத்தையே அளப்பது. பாதிக் கண்ணாடியின் ஒரு வாயிலில் லேசர், இன்னொரு வாயிலில் ஒன்றுமே இல்லை. அந்த ‘ஒன்றுமில்லை’க்கும் ஒரு நடுக்கம் உண்டு. இரு பக்கமும் விழும் ஒளியைக் கழித்தால் லேசர் அடிபட்டுப் போய், வெற்றிடத்தின் நடுக்கம் மட்டும் மிஞ்சும். கான்பெராவில் ஆஸ்திரேலிய தேசியப் பல்கலைக்கழகம் இப்படி எடுத்த எண்களை இணையத்தில் யாரும் வாங்கிக்கொள்ளத் திறந்துவைத்தது.

மூன்றாவது, பிரகாசம் ஒழுங்கின்றி ஏறி இறங்கும்படி லேசரைக் குழப்பமாக ஓடவிடுவது. 2008-ல் ஜப்பானிய ஆய்வாளர்கள் இதில் நொடிக்கு 170 கோடி பிட் எடுத்தார்கள். 2021-ல் ‘சயன்ஸ்’ இதழில் வந்த ஆய்வு, குழப்பத்துக்குப் பதில் ஒரு சின்ன லேசர் சிப்பின் பல புள்ளிகளை ஒரே நேரத்தில் படித்து நொடிக்கு 250 லட்சம் கோடி பிட் என்றது. செய்தித் தலைப்புகள் அதிர்ந்தன. ஆனால் படித்தது ஆய்வகத்தின் அதிவேகக் கேமரா. பிட்டுகளைப் பதப்படுத்தியது பிற்பாடு, கணினியில். சாதனைதான், சட்டைப்பையில் வைக்கும் சாதனம் அல்ல.

இவ்வளவு வேகம் யாருக்கு வேண்டும்? சாவி செய்ய 256 பிட் போதும் என்று மேலே பார்த்தோம். ஃபோட்டான்கள் வழியாகவே இருவர் ரகசியச் சாவியைப் பகிர்ந்துகொள்ளும் குவாண்டம் சாவிப் பகிர்வுக்கு வேண்டும்; அது ஒவ்வொரு ஃபோட்டானுக்கும் புதிய ரேண்டம் தேர்வு கேட்கும். பெரும் குலுக்கல்களுக்கும் உதவும்: எர்னியின் ஐந்தாம் தலைமுறை 2019-ல் ஒளிக்கு மாறியதும், முந்தைய இயந்திரம் ஒன்பது மணி நேரத்தில் முடித்த மாதக் குலுக்கலை 12 நிமிடத்தில் முடித்தது. வீட்டு ரவுட்டருக்குத் தேவை வேகமல்ல, முதல் நொடியிலேயே கிடைக்கும் ஒரு கைப்பிடி விதை.

## உமியைப் புடைப்பது

கச்சா பிட்டை அப்படியே சாவியாக்கக் கூடாது; சாய்வை நீக்க வேண்டும். பழைய வழி கணித மேதை வான் நாய்மனுடையது. பிட்டுகளை இரண்டிரண்டாகப் பாருங்கள். 01 வந்தால் 0 என்று எழுதுங்கள், 10 வந்தால் 1. 00, 11 இரண்டையும் வீசிவிடுங்கள். நாணயம் எவ்வளவு சாய்ந்திருந்தாலும் ‘பூ பிறகு தலை’யும் ‘தலை பிறகு பூ’வும் வரும் வாய்ப்பு ஒன்றேதான். அருமையான தந்திரம். ஆனால் ஒரு சுண்டல் அடுத்ததைப் பாதித்தால் இது பலிக்காது. மேலே பார்த்த மயங்கும் உணரி அதைத்தான் செய்கிறது.

அதனால் இப்போது பெரும்பாலும் டோப்ளிட்ஸ் அணி என்ற எண் கட்டம். 100 பிக்சல் அளவுகள், ஆளுக்கு 10 பிட், மொத்தம் 1000. உள்ளே இருப்பது 560 பிட் சரக்கு. 1000 பிட்டையும் ஓர் அணியால் பெருக்கிப் பிசைந்து, பாதுகாப்புக்குக் கொஞ்சம் விட்டுவைத்து 500 மட்டும் வெளியே எடுப்பார்கள். 600 எடுத்தாலும் எண்கள் பார்க்க அதே அழகோடுதான் இருக்கும். 1000 எடுத்தாலும் அப்படியே.

ஆபத்து இங்கேதான்.

## விளக்கு அணைந்தால் யாருக்குத் தெரியும்?

சிப்பில் எல்இடி செத்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். சென்சார் இருட்டைப் படிக்கிறது. அதன் சொந்த இரைச்சல் மட்டும் வருகிறது. அதையும் பிசைந்து வெளியே விட்டால், எந்தப் புள்ளியியல் சோதனையும் குறை சொல்லாது. 0, 1, 2, 3 என்று வெறும் எண் வரிசையை ஏஇஎஸ் என்ற வழக்கமான பூட்டு முறையில் குறியாக்கம் செய்து கொடுத்தாலும் அந்தச் சோதனைகள் எல்லாவற்றிலும் தேறும். ஆகவே ‘எங்கள் கருவி எல்லா ரேண்டம் சோதனைகளிலும் தேறியது’ என்ற விளம்பர வரி, தேறாவிட்டால் குப்பை என்று மட்டுமே சொல்கிறது. தேறியதால் நல்லது என்று சொல்லவில்லை.

அமெரிக்கத் தர நிர்ணய நிறுவனமான என்ஐஎஸ்டி 2018-ல் இறுதி செய்த விதிமுறை இதனால்தான் பிசைவதற்கு முந்தைய கச்சா அளவுகளையே, கருவி ஓடும்போதே கண்காணிக்கச் சொல்கிறது. ஒரு விதி மிக எளிது: ஒரே அளவு தொடர்ந்து எத்தனை முறை வரலாம்? நம் பிக்சலின் 5.6 பிட்டுக்குக் கணக்குப் போட்டால் ஐந்து முறை வந்தால் மணி அடிக்க வேண்டும். நல்ல கருவியில் 10 லட்சத்தில் ஒரு முறைக்கும் குறைவாகத்தான் அது தற்செயலாக நடக்கும்.

இது ஏட்டுக் கவலை இல்லை. 2019-ல் ஏஎம்டியின் அப்போதைய புதிய ரைசன் செயலிகளில் ரேண்டம் எண் கேட்டால், எல்லா பிட்டும் 1 ஆக ஒரே பதில் திரும்பத் திரும்ப வந்தது. கூடவே ‘வெற்றி’ என்ற குறியும் வந்தது. சில மென்பொருள்கள் ஓடாமல் நின்றதால்தான் வெளியே தெரிந்தது.

எதிரியும் சும்மா இருப்பதில்லை. வெற்றிட வகைக் கருவியின் உணரிப் பகுதிக்கு வெளியிலிருந்து மின்காந்த அலையைச் செலுத்தி வெளியீட்டைச் சாய்க்க முடியும் என்று 2021-ல் காட்டப்பட்டது. வளைய அலையிக்கு 2009-ல் நேர்ந்தது வேறு உருவில் ஒளிக்கருவிக்கும் நேரும். ஒளி குவாண்டமாக இருக்கலாம். அதைப் படிக்கும் மின்சுற்று சாதாரண மின்சுற்றுதான்.

## கருவியையே நம்பாமல் இருக்க முடியுமா?

உத்திரமேரூரில் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டு குடவோலை முறையை விவரிக்கும்போது, சீட்டு எடுப்பதைவிட எடுக்கும் விதத்துக்கே அதிக இடம் கொடுக்கிறது. விவரம் அறியாத சிறுவன் எடுக்க வேண்டும், வாங்குபவர் ஐந்து விரலையும் விரித்து உள்ளங்கையில் வாங்க வேண்டும், சபையில் உரக்கப் படிக்க வேண்டும். குலுக்கல் சரியாக நடந்தால் போதாது, நடந்ததைப் பார்ப்பவர் சோதிக்க முடிய வேண்டும்.

ஒளியில் அதற்கு நிகராக ஒன்று இருக்கிறது. பின்னிப் பிணைந்த இரண்டு ஃபோட்டான்களைத் தொலைவில் பிரித்து வைத்து அளந்தால், இரு முடிவுகளுக்கும் இடையிலான ஒற்றுமை ஒரு வரம்பைத் தாண்டும். ஏற்கெனவே எழுதிவைத்த விடைகளோடு வந்திருந்தால் தாண்ட முடியாத வரம்பு அது. இதுவே பெல் சோதனை. தாண்டியது என்றால், கருவியைத் தயாரித்தவன் திருடனாகவே இருந்தாலும், விடை முன்கூட்டி எழுதப்படவில்லை என்பது உறுதி.

விலை மட்டும் கொஞ்சம் அதிகம். 2010-ல் அமெரிக்காவில் அயனிகளை வைத்துச் செய்த முதல் சோதனை, சுமார் ஒரு மாதம் ஓடி 42 பிட் கொடுத்தது. 2018-ல் போல்டரில் என்ஐஎஸ்டி ஃபோட்டான்களை வைத்து 1,024 பிட் எடுத்தது. 2025-ல் அதே ஊரில், கொலராடோ பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து, இதைப் பொதுச் சேவையாக்கினார்கள்: ஒரு தடவைக்கு 512 பிட், முதல் 40 நாளில் 7,454 முயற்சிகளில் 7,434 வெற்றி. இது எல்லோரும் பார்க்க வெளியிடும் எண். குலுக்கலுக்கு ஆகும், கடவுச்சாவிக்கு ஆகாது.

இடைப்பட்ட வழிகளும் உண்டு. பெங்களூர் ராமன் ஆய்வு நிறுவனம், தொலைவில் பிரிப்பதற்குப் பதிலாக ஒரே ஃபோட்டானைக் கால இடைவெளியில் அளக்கும் லெகெட்–கார்க் சோதனையை வைத்து 2024-ல் 9 லட்சத்துக்கும் மேற்பட்ட பிட்டுகளை, நொடிக்குச் சுமார் 4,000 என்ற வேகத்தில் எடுத்தது. இந்தியாவின் தேசிய குவாண்டம் திட்டத்தில் (2023-ல் ஒப்புதல், 6,003 கோடி ரூபாய்) தகவல் தொடர்புப் பிரிவின் மையம் சென்னை ஐஐடி. ரேண்டம் எண் கருவி விற்கும் கியூநியு லேப்ஸும் 2016-ல் அங்கே தொடக்க உதவி பெற்று வளர்ந்த நிறுவனம்தான்.

## வாங்குமுன் கேட்க வேண்டியவை

1. பிசைவதற்கு முந்தைய கச்சா அளவுகளைக் காட்டுவார்களா? ‘அது ரகசியம்’ என்றால் வேறு கடை பார்க்கலாம்.

2. ஒரு மாதிரியில் எத்தனை பிட் என்ட்ரபி என்கிறார்கள், அதில் மின்னிரைச்சலைக் கழித்தார்களா? சோதனைச் சான்றிதழ் இந்தக் கேள்விக்குப் பதில் ஆகாது.

3. விளக்கு அணைந்தால் கருவி நின்றுவிடுமா, ஓடிக்கொண்டே இருக்குமா? நிற்பதுதான் நல்லது. அந்த நிற்றலை மேலே உள்ள மென்பொருள் கவனிக்கிறதா என்பது தனிக் கேள்வி.

4. கருவியின் எண்ணை மட்டுமே நம்புகிறார்களா, மற்ற ஊற்றுகளோடு கலக்கிறார்களா? கலப்பதே வழக்கம், அதுவே சரி. ஓர் ஊற்று வற்றினாலும், ஒன்றில் எதிரி கைவைத்தாலும் மற்றது காக்கும். லினக்ஸ் இயங்குதளத்தின் மையப் பகுதியான கருவகம் பல ஊற்றுகளை ஒரே குளத்தில் கலப்பது இதற்காகவே.

5. அந்த எண்கள் கடைசியில் யாரிடம் போகின்றன? 2020-ன் கொரியப் போனில் எல்இடி சிப்பின் எண்களைப் பயன்படுத்தியவை எஸ்கே டெலிகாமின் உள்நுழைவு, பணம் செலுத்துதல், சான்றிதழ் சேமிப்பு என்று விரல்விட்டு எண்ணக்கூடிய சில சேவைகள்தான். அதே போனில் ஓடிய மற்ற ஆப்கள் வழக்கம்போல ஆண்ட்ராய்டின் குளத்திலிருந்தே விதை எடுத்துக்கொண்டிருந்தன.